ஐந்நூற்று மூன்று

ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசல் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் டைப் அடிப்பவர் அவர். ஒல்லியான மனிதர், அதிகம் இமைக்காத கண்கள். கம்ப்யூட்டர் திரையில் சொல் எண்ணிக்கை தெரியும் மூலையை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருப்பார். எண்ணிக்கையை அவரே சொல்வார்.

இறந்துபோன என் தம்பியைப் பற்றி, அவன் படித்த கல்லூரி மலருக்குக் கட்டுரை எழுதியிருந்தேன். ஐந்நூறு சொற்களைத் தாண்டினால் போடமாட்டார்கள். வீட்டிலேயே சரியாக வெட்டி, பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவில் கொண்டுபோனேன்.

அவர் பக்கங்களைத் திரையில் ஒருமுறை உருட்டிப் பார்த்தார்.

"ஐந்நூத்தி மூணு இருக்கு மேடம்."

"எண்ணித்தாங்க கொண்டுவந்தேன்."

"உங்களோடது ஐந்நூறுதாங்க."

முழுவதையும் தேர்ந்தெடுத்துக் கறுப்பாக்கினார். என் கடைசி வரிக்குக் கீழே, வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக மறைந்திருந்த ஒரு வரி தெரிந்தது.

'அக்கா, இங்க இருட்டில்லை.'

தம்பிக்கு இருட்டென்றால் பயம். அதை நான் கட்டுரையில் எழுதவில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை.

"மூணு வார்த்தை எடுக்கணும். எதை எடுக்கட்டும்?"

அவர் குரலில் வியப்பே இல்லை. என் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினேன்: 'தம்பி இன்று இல்லை.'

அவர் அதை அழித்தார்.

"இந்த மாதிரி வரியைத்தாங்க எல்லாரும் எடுக்கச் சொல்றாங்க."