சூடு இல்லை என்று சொன்னேன்

நான் பொய் சொன்னேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. முதல் பொய்யால் ஒரு டெலிவிஷன் பெட்டி கருகியது. இரண்டாவது பொய்யால் என் அக்கா மகளின் படிப்பு நின்றது.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல வருகிறது என்று நினைக்கிறேன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்கு வாய் உலர்ந்துவிடும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எனக்கு வேலை. பச்சைக் காயைக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, அறையை மூடி, வெளியே அடுப்பில் விறகு எரிப்போம். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி வரும். சூடு கூடினால் காய் வெடித்து நிறம் வெளுக்கும். குறைந்தால் ஈரம் தங்கிவிடும். சுவரில் தெர்மாமீட்டர் தொங்கினாலும் முதலாளி அதை நம்பமாட்டார். என்னைத்தான் உள்ளே அனுப்புவார். குழாய்க்கு மேலே வலது உள்ளங்கையை விரித்துப் பிடித்துவிட்டு வந்து, "ரெண்டு கட்டைய வெளிய இழுத்துருங்க" என்பேன். இழுத்துவிடுவார்கள். என் வாழ்க்கையில் என் பேச்சுக்கு மதிப்பு இருந்த ஒரே இடம் அதுதான்.

ஒரு சீசனில் ஈரத் தரையில் கால் வழுக்கி, அந்தக் குழாயின் மேலேயே வலது கையை ஊன்றிவிட்டேன். காயம் ஆற மாதங்கள் ஆயின. தோல் வந்தது... உணர்வு வரவில்லை. உள்ளங்கை முழுக்க மரத்துப்போய்விட்டது.

காயம் பட்டது எல்லோருக்கும் தெரியும். மரத்துப்போனது யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டோரில் எனக்கு என்ன சோலி? மற்றவர்களோடு சரிவில் காய் எடுக்க அனுப்பியிருப்பார்கள். அது ஒன்றும் கேவலமான வேலை அல்ல. ஆனாலும் நான் மறைத்தேன். பழக்கம்போலக் கையை விரிப்பேன். காயை முகர்வதுபோலக் குனிந்து, கன்னத்தில் படும் அனலை வைத்துச் சூட்டைக் கண்டுகொள்வேன். ஒரு காயும் கெடவில்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்...

என் அக்காவைச் சிலமலையில் கொடுத்திருந்தது. மச்சானுக்கு விவசாயம். ஒரே மகள், ஈஸ்வரி. ஒன்பதாவது முழுப்பரீட்சை எழுதப்போகிற சமயத்தில் பெரியவளானாள். சடங்கு முடிந்ததும் மச்சான் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. போடிக்குப் பஸ் ஏறிப் போய்ப் படிக்க வேண்டும். வழியில் நாலு பேர் பார்ப்பார்கள், நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவருக்குப் பயம். அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை. கடைசியில் அவர் இறங்கி வந்தார். "ஒரு வருசம் வீட்டுல இருக்கட்டும். பொறுப்பா இருக்காளான்னு பாக்குறேன். அடுத்த வருசம் ஜூன்ல அனுப்புறேன்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மறுபடி சோறு தின்றாள்.

மச்சான் கெட்டவர் அல்ல. மகள் வீட்டுக்குள் முகம் வாடிக் கிடப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. வீட்டில் அப்போதுதான் டி.வி. வாங்கியிருந்தார். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவர் போடியில் வெளிநாட்டுச் சாமான்கள் விற்கிறார், அவரிடம் டி.வி.யில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டி ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டார். ஆசையும் வந்தது, கூடவே பயமும் வந்தது. அந்தப் பெட்டி சூடேறி டி.வி.யையே கெடுத்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உடனே மலைக்கு ஆள் அனுப்பி என்னை வரவழைத்துவிட்டார்.

"மாப்ளே, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் விளங்காது. சூட்டப் பத்தி ஒனக்குத் தெரியாதது ஏது? நீ தொட்டுப் பாத்து நல்லதுன்னு சொன்னா வாங்குறேன். இல்லேன்னா திரும்பிப் பாக்காம வந்துருவோம்."

சிங்கப்பூர்க்காரர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள்; நடுவில் ஒரு புள்ளி அங்கும் இங்கும் அலைந்தது. கோட்டில் பட்டால் 'டொக்' என்று சத்தம். பெட்டிக்குக் கரண்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு கறுப்பு எலிமினேட்டர், உள்ளங்கை அகலத்தில், மேசைமேல் இருந்தது.

அதிலிருந்து ஒரு ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. தெளிவாகக் கேட்டேன்.

மச்சானுக்கும் கேட்டது. "என்னய்யா இது, குளவி கணக்கா இரையுது?"

"எல்லா வெளிநாட்டுச் சாமானும் அப்படித்தேன் அண்ணே" என்றபடியே சிங்கப்பூர்க்காரர் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். டொக், டொக் என்ற ஓசையில் ரீங்காரம் அமுங்கிப்போனது. எதற்காகக் கூட்டினார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை!

"மாப்ளே, நீ தொட்டுப் பாரு."

எனக்கு ஏலக்காய் ஸ்டோரில் வேலை என்று மச்சான் முன்பே சொல்லியிருந்தார். நான் கையை நீட்டியதும் சிங்கப்பூர்க்காரர் சிரித்தார். "அண்ணே, இது என்ன ஏலக்காயா, சூடு சரியா இருக்கான்னு பாக்க?" எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் விடவில்லை. "சிரிக்காதீங்கப்பா. எஸ்டேட்டு மொதலாளியே இவன் கையத்தேன் நம்புறாரு."

வலது உள்ளங்கையை எலிமினேட்டர்மேல் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. கட்டையைத் தொட்டதுபோல இருந்தது.

இடது கையால் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சடங்கான பெண்ணுக்கென்று, தாய்மாமன் முன்னால் நின்று வாங்குகிற புதுப்பொருள். அதை இடது கையால் தொட்டால் மச்சானே என் கையைத் தட்டிவிட்டிருப்பார். கன்னத்தைக் கொண்டுபோய் வைத்தால்... அந்தப் பத்துப் பேரின் சிரிப்பை நினைத்துப் பாருங்கள்! ஆனால் இவையெல்லாம் ஒரு காரணமா? 'எனக்கு இந்த ரீங்காரம் பிடிக்கவில்லை, வேண்டாம்' என்று சொல்ல உள்ளங்கை எதற்கு? வாய் போதுமே!

"சூடு இல்ல மச்சான்" என்றேன்.

வாங்கிவிட்டோம்.

அடுத்த மாதம் நான் சிலமலைக்குப் போனபோது ஈஸ்வரி சந்தோஷமாகத்தான் இருந்தாள். தன்னோடு விளையாட வைத்து என்னைத் தோற்கடித்தாள். "என்ன மாமா, புள்ளி போன பெறகு கோட்ட நகட்டுறீங்க!" என்று கேலி செய்தாள். அக்கா அடுக்களைக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா, இந்த எலிமினேட்டர் ரொம்பச் சுடுது. தொட முடியல. வெளையாட்ட நிறுத்துனாக்கூட இரைஞ்சுக்கிட்டே கெடக்கு. அப்பாகிட்டச் சொன்னா, ஒங்க மாமன் பாத்து வாங்குனது, அதெல்லாம் சரியா இருக்கும்ங்குறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மாமா."

பிள்ளை எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டாள்! நான் என்ன செய்தேன் தெரியுமா? "விட்டு விட்டு வெளையாடு கண்ணு, சரியாயிரும்" என்றேன். மச்சானிடம் சொல்லப் போனால், 'அன்னிக்கு நீ கை வச்சுப் பாத்தியே' என்று கேட்பாரே... அந்தக் கேள்விக்குப் பயந்தேன்.

பத்து நாள் கழித்து எஸ்டேட் ஜீப்பு டிரைவர் வந்து, "ஒங்க மச்சான் வெரசா வரச் சொன்னாரு" என்றான்.

நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எலிமினேட்டர் உருகி, டி.வி.மேல் போட்டிருந்த துணி பற்றி, மரப்பெட்டியின் ஒரு பக்கம் கரியாகி, உள்ளே இருந்ததும் போய்விட்டது. மத்தியானம் ஈஸ்வரி குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் நடந்தது. புகையைப் பார்த்து ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கியதும் அவள்தான்.

நான் உள்ளே நுழைந்தபோது மச்சான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஓட விட்டுட்டுப் போயிட்டு இப்ப என்ன அழுக?"

"நிறுத்திட்டுத்தேம்ப்பா போனேன். பிளக்க மட்டும் புடுங்கல. அது மொதல்ல இருந்தே சுட்டுச்சுப்பா."

"மொதல்ல இருந்தேவா? அப்ப ஒங்க மாமன் பொய் சொன்னானா?" அவர் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, நீயே சொல்லு. அன்னிக்கு நீ கை வச்சப்ப சுட்டுச்சா, சுடலையா?"

ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். தப்பித்துவிட்டோம் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் தெரிந்தது. மாமா வந்துவிட்டார், மாமாவிடம் முன்பே சொல்லியிருக்கிறோம், மாமா சொல்லிவிடுவார்...

"சுடல மச்சான்" என்றேன்.

என் கைக்குச் சுடவில்லைதானே, சொன்னது உண்மைதானே என்று பிறகு எத்தனையோ முறை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது எனக்கே நிற்கவில்லை.

'மாமாகிட்டப் பத்து நாள் முந்தியே சொன்னேனே' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே பிடிபட்டிருப்பேன். அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான்.

மச்சான் அக்காவிடம் சொன்னார்: "ஒரு பொட்டியப் பாத்துக்கத் துப்பில்ல. இதத் தனியா பஸ்சுல ஏத்தி போடிக்கு அனுப்பணுமாம்ல!"

ஜூன் வந்தது. அவளை அனுப்பவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அடுத்த தையில் ராசிங்காபுரத்தில் கொடுத்துவிட்டார்கள். தாய்மாமன் சீரைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நடந்தவன் நான். என்னை எல்லோரும் புகழ்ந்தார்கள். மாமன்னா இப்படி இருக்கணும் என்றார்கள்!

அதன் பிறகு சில வருடங்கள் போய்விட்டன. இந்த மாசியில் துணிந்து ராசிங்காபுரம் போனேன். மச்சானிடம் சொல்லி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் முழுக்க வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். அவள் புருஷன் தோட்டத்துக்குப் போயிருந்தான். அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் நாலு காய் உரித்தேன்.

"ஈஸ்வரி, அன்னிக்கு அந்த டி.வி. எரிஞ்சுச்சே... அப்ப நான் ஒங்கப்பாகிட்ட..."

அவள் கை நிற்கவில்லை. "அது சுட்டது ஒங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் மாமா. நாந்தான சொன்னேன்." இன்னொரு காயை உரித்தாள். "ஏன் சொல்லலைன்னுதேன் தெரியல. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். என் மேல ஏதும் கோவமா மாமா?"

கோபமா! இவ்வளவு காலமும் இந்தப் பிள்ளை தன்னிடம்தான் ஏதோ குற்றம் என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்!

சொல்லியிருக்க வேண்டும். என் கை மரத்துப்போய்விட்டது, அது வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும், அதனால் உன் படிப்பை விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கின் நுனிவரை வந்தது. அவள் முகத்துக்கு எதிரே அந்தக் காரணம் மிகச் சிறியதாக இருந்தது... அவ்வளவு சிறிய ஒன்றுக்காகவா என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

"கோவமெல்லாம் இல்ல கண்ணு" என்றேன். "பஸ்சுக்கு நேரமாச்சு" என்றும் சொன்னேன்.

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். இந்தச் சீசனிலும் நான்தான் ஸ்டோருக்குள் போய்க் கையை விரித்துவிட்டு வருகிறேன். காரணத்தை முகம் தெரியாத உங்களிடம் எழுதிவிட்டேன். அவளோ ராசிங்காபுரத்தில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.