மடக்குக் கம்ப்யூட்டரில் இருந்த ஞாயிற்றுக்கிழமை

என் தாய்மாமா பனியன் கம்பெனி ஒன்றில் தையல் மெஷின் மெக்கானிக். வாரம் ஆறு நாள் ஓவர்லாக் மெஷின்களைப் பழுது பார்ப்பார். ஏழாவது நாள், நல்லூரில் எங்கள் வீட்டு மாடி அறையில், யாரும் கேட்காத பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பார். டிவியில் செருகி ஓட்டுகிற கீபோர்டு கம்ப்யூட்டர், கேசட் போட்டால் கீச்சிடுகிற ஒன்று, சட்டைப் பைக்குள் அடங்கும் டிஜிட்டல் டைரிகள் என்று பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கி வந்தவை அலமாரி நிறைய இருந்தன. “இதெல்லாம் எந்தக் கம்பெனிக்குப் பனியன் தைக்கப் போகுது?” என்று அம்மா கேட்பாள். மாமா அடுத்த திருகைக் கழற்றத் தொடங்குவார்.

அவற்றில் அவருக்கு உயிராக இருந்தது ஒரு மடக்குக் கம்ப்யூட்டர். மூடினால் மூக்குக் கண்ணாடிக் கூடு மாதிரி இருக்கும். திறந்தால் குட்டிக் கீபோர்டு முன்னால் நகர்ந்து வரும். திரைக்குப் போகும் பட்டை வயர் அறுந்து, படம் வராமல் கிடந்தது. அதே மாதிரி செத்துப்போன இன்னொன்றைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து வயரை எடுத்து மாற்ற அவருக்கு எட்டு மாதம் ஆயிற்று. திரை வந்த அன்று எனக்கு ஒரு முழு பாக்கெட் பிஸ்கட் கிடைத்தது.

மற்ற டைரிகளில் பேட்டரி தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும். இதில் பக்கவாட்டில் ஒரு மெமரி கார்டு செருகியிருந்தது. அதனால் பழைய சொந்தக்காரர் எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது. “அடுத்தவங்க எழுதுனதைப் படிக்கக் கூடாது கண்ணு” என்றார் மாமா. நான் ஆறாம் வகுப்பு. அவர் கம்பெனிக்குப் போனதும் படித்தேன். பட்டன், நூல், சாம்பிள் என்று ஒரே சலிப்பு. போன் நம்பர் பட்டியலில் மட்டும் “ஹோம்” என்று ஒன்று இருந்தது. அந்த நம்பர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. வீட்டு போனில் சுழற்றினேன்.

ஒரு பெண் எடுத்தார்.

“உங்க சின்னக் கம்ப்யூட்டர் எங்க மாமாகிட்ட இருக்குதுங்க.”

“எந்தக் கம்ப்யூட்டர் கண்ணு?”

“மடக்குறதுங்க. சாம்பல் கலரு. ஓரத்துல சிவப்பா நெயில் பாலிஷ் பட்டிருக்குது.”

நெயில் பாலிஷ் எந்த ஓரத்தில் என்று அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு எங்கள் வீட்டுக்கு வழி கேட்டார்.

மறுநாள் ஞாயிறு காலை, மங்கலத்திலிருந்து பஸ் பிடித்து அவர் வந்துவிட்டார். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டு பிறகு என்று அதற்கு அர்த்தம். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“எங்க ஊட்டுக்காரரோடதுதானுங்க தம்பி. நாலு வருசத்துக்கு முன்னால, ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் போனவரு. மத்தியானம் வெளிய போயிட்டு வர்றேன்னு போயிருக்காரு. திரும்பவே இல்லீங்க. வேற குடும்பம் வெச்சுட்டுப் போயிட்டாருன்னு பேசிக்கறாங்க. போலீஸ்லயும் அதையேதான் சொன்னாங்க.”

அந்தக் கம்பெனியைப் பிறகு மூடியபோது மேஜை டிராயரோடு அது இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டும் என்றார் மாமா. எடுத்துத் திறந்து அவர் முன் வைத்தார். அந்த அம்மாவுக்குத் தொடத் தயக்கம்.

“அவரு போன தேதிய நான் சொல்றேனுங்க. அதுக்கு அப்புறத்து நாளுகளுக்கு ஏதாச்சும் எழுதி வெச்சிருக்காரான்னு பாருங்க.”

எந்தப் பட்டனை அழுத்தினால் காலண்டர் வரும் என்பது எனக்கு விரல் நுனியில் இருந்தது. மாமா முந்துவதற்குள் திறந்துவிட்டேன். அவர் சொன்ன வெள்ளிக்கு மறுநாளை எடுத்து, ஆங்கில எழுத்தில் இருந்த தமிழை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“சனி. பாப்பா ஷூ, சைஸ் ரெண்டு.”

“எங்க ஒரே பொண்ணுக்குங்க” என்று அவர் தலையை ஆட்டினார்.

“ஞாயிறு. பூண்டி கோயில், மூணு பேரு. திங்கள்ல ஒண்ணுமில்லீங்க. புதன், கேஸ் புக் பண்ணணும்.”

“அந்த ஞாயித்துக்கிழமைய இன்னொருக்கா படி கண்ணு.”

படித்தேன்.

“மூணு பேருன்னுதான போட்டிருக்குது?”

“ஆமாங்க.”

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உள்ளேயிருந்து வந்த அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாமா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஏதோ தப்பாகப் படித்துவிட்டேனோ என்று நான் திரையை மறுபடி பார்த்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன்.

மாமா அதை ஒரு துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார். இரண்டு சாதாரண பேட்டரி போதும், கார்டை மட்டும் உருவவேண்டாம், திறக்கும்போது மெல்லத் திறக்கவேண்டும் என்று சொன்னார். பஸ் ஏற்றிவிட்டு வந்தவர் என்னைத் திட்டவே இல்லை. அலமாரியில் அது இருந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவும் இல்லை.

எனக்கு அன்று முழுக்க மாமாவின் மேல் கோபம். எட்டு மாத வேலையை, அழுதார்கள் என்பதற்காக யாராவது தூக்கிக் கொடுப்பார்களா? கணவர் எங்கே இருக்கிறார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. கோவிலுக்குப் போகவேண்டும் என்று எழுதியிருந்ததைப் படித்து அந்த அம்மா ஏன் அப்படி அழுதார் என்பதும், அழுது முடித்துப் படியிறங்கும்போது ஏன் வந்ததைவிட நிமிர்ந்து போனார் என்பதும் எனக்கு விளங்கவில்லை.