கிளியனூர் சுடுகாட்டுப் பாதை

அறுபதுகளில் நான் விழுப்புரத்தில் வக்கீல். மனை போடுகிறவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் நில வழக்கு நடத்துவதுதான் என் தொழில்.

கிளியனூர் பக்கம் ஒரு முதலாளி வாங்கிய நிலத்தின் நடுவே, சேரி ஜனங்கள் பிணம் தூக்கிப்போகும் பாதை இருந்தது. இடம் பார்க்கப் போனபோது நானும் அதில்தான் நடந்தேன். ஆனாலும் சர்வே படத்தில் பாதையே இல்லை என்று வாதாடி ஜெயித்தேன். மறுநாளே முள்வேலி போட்டுவிட்டார்கள்.

ஐப்பசி மழையில் ஒருநாள், அந்த வழக்கில் தோற்ற தங்கவேலு என் வாசலில் வந்து நின்றார். தலையை மொட்டை அடித்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அம்மா செத்துடுச்சுங்க. ஏரித் தண்ணியில எறங்கித்தான் தூக்கிக்கினு போனோம். நடுவுல பாடை சாஞ்சிடுச்சுங்க. அப்பீலுக்கு நீங்கதான் பேசணும்."

"நான் அவங்க வக்கீல்ப்பா. உனக்கு எப்படி ஆஜராக முடியும்? எங்கிட்ட ஏன் வந்தே?"

"கோர்ட்ல நீங்க பேசினதைக் கேட்டுக்கினு இருந்தேங்க. பொறந்ததுலேர்ந்து அதுல நடந்தவன் நான். எனக்கே அங்க வழி இல்லேன்னு தோணிப்போச்சு. அப்படிப் பேச வேற யாருங்க இருக்காங்க?"

அவர் மனதாரத்தான் பாராட்டினார். மழையோடு திரும்பியும் போனார்.

இன்றுவரை என் வாதத்தை யார் மெச்சினாலும் எனக்குக் காது கூசுகிறது.