மொட்டைத் தலைகளுக்கு நடுவில் ஒரு முகம்

திருத்தணியில் சரவணப்பொய்கைக்குப் போகிற வழியில் கவிப்பிரியாவின் கடை இருக்கிறது. பேனர், கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் போடுவாள். கடைக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் எட்டுச் சேவல்கள் வரிசையாக நிற்கும். எட்டும் ஒரே சேவல்தான், ஒரே படம்தான். முதல் படத்தில் கழுத்து இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். போகப் போக இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எட்டாவது படத்தில் இருப்பது சேவலா, நனைந்த துணி மூட்டையா என்று சொல்ல முடியாது.

அந்தப் படங்கள் சுவருக்கு வந்ததற்குக் காரணம் வாடிக்கையாளர்கள்தான். “ஃபைல் பெருசா இருக்குதுங்க, போவ மாட்டேங்குது, சின்னதா பண்ணிக் குடுங்க” என்பார்கள். சின்னதாகப் பண்ணினால், “இன்னாம்மா, மூஞ்சி கலங்கிப் போச்சு” என்பார்கள். படத்தைச் சேமிக்கும்போது தரம் எவ்வளவு வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்கும், தரத்தைக் குறைத்தால் ஃபைல் சுருங்கும், கூடவே படத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமலும் போகும் என்று அவள் ஒவ்வொருவருக்கும் சொல்லி அலுத்துவிட்டாள். ஒருநாள் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் இருக்கிற தன் அம்மா வீட்டுச் சேவலைப் படமெடுத்து வந்து, எட்டு விதமான தரத்தில் சேமித்து, பிரிண்ட் போட்டு மாட்டினாள். அதற்கப்புறம் பேச்சே சுலபமாகிவிட்டது. “எனக்கு மூணாவது சேவல் போதுங்க,” “வாட்ஸப்புக்குத் தானே, அஞ்சாவது சேவல்ல போடு” என்று ஊரே கேட்கப் பழகிவிட்டது.

கவிப்பிரியாவின் வீட்டில் கரும்புப் பயிர். படிப்பு முடிந்ததும் அரக்கோணத்தில் ஒரு அச்சகத்தில் டிசைன் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் மணவூர்க்காரர் ஒருவர் குழந்தையின் காதுகுத்துக்குப் பேனர் வாங்க வந்தார். அவர் கொடுத்த போட்டோ ஏற்கெனவே நாலு ஃபோன் சுற்றி வந்தது. பெரிதாக்கியபோது குழந்தையின் முகம் ஓட்டுச் சில்லுகளை ஒட்டி வைத்ததுபோல் கட்டம் கட்டமாக வந்தது. “தூரத்துல இருந்து பாத்தா தெரியாதும்மா, அனுப்பு” என்றார் முதலாளி. மணவூர்க்காரரும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டு போனார். அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் டிபன் பாக்ஸ், ஒரு கையில் மவுஸ். ஒரே படத்தை நூறில் சேமிப்பாள், தொண்ணூறில் சேமிப்பாள், எண்பதில் சேமிப்பாள். பெரிதாக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். நூறிலிருந்து எண்பத்தைந்துக்கு இறங்கினால் ஃபைல் பாதிக்கும் கீழே போகிறது, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை! அதைக் கண்டுபிடித்த அன்று அச்சகத்தில் தனியாக உட்கார்ந்து கைதட்டினாள். இன்னும் இறங்கினால் ஓர் இடம் வருகிறது, அதற்குக் கீழே கொஞ்சம் தள்ளினாலும் முகம் கெட்டுப்போகிறது. எழுத்தின் கதை வேறு. போட்டோவுக்குப் பொருந்துகிற ஜே.பெக் வகை ஃபைலில் எழுத்தையும் கடை முத்திரையையும் போட்டால், ஓரமெல்லாம் கொசு மொய்த்த மாதிரி ஆகிவிடுகிறது. அவற்றை பி.என்.ஜி. என்கிற இன்னொரு வகையில் போட்டால் பளிச்சென்று நிற்கிறது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கும் விஷயம்தான். ஆனால் தன் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொண்டதில் அவளுக்கு அப்படியொரு குஷி.

கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்ததும் சொந்தக் கடை போட்டாள். கணவன் இளம்பரிதி டூவீலர் மெக்கானிக். “நீ கொழம்புல உப்பு பாக்கறதை விட இதைத்தான் ஜாஸ்தி பாக்கற” என்று அவன் கிண்டல் செய்வான். “கொழம்பை மறுபடி வைக்கலாம். பிழிஞ்சு போட்ட போட்டோவைத் திரும்பக் கொண்டாற முடியுமா? சக்கைல இருந்து கரும்பு பண்ண முடியுமா?” என்பாள் அவள்.

போன வருஷம் ஆடிக் கிருத்திகை. ஊர் முழுக்க மஞ்சள். காவடி மேல் காவடியாக மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. பம்பைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. கவிப்பிரியாவின் கடையில் அவசரமாக போட்டோ பிரிண்ட் எடுக்க வந்தவர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓர் இளம்பெண் உள்ளே வந்தாள். பொதட்டூர்பேட்டையிலிருந்து குடும்பத்தோடு முடி இறக்க வந்தவள், பெயர் வள்ளிநாயகி. முகமெல்லாம் கண்ணீர்.

“அக்கா, எங்க நைனாவைக் காணோம்க்கா. காலைல மொட்டை அடிச்சுட்டு கொளத்துல குளிச்சாரு. திரும்பிப் பாத்தா இல்ல. அவருக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. மைக்குல கூப்புட்டும் பிரயோசனம் இல்ல. இந்த போட்டோவைப் பெருசா போட்டுக் குடுங்க, தூக்கிக்கினு சுத்தறேன்.”

அவள் நீட்டிய ஃபோனைக் கவிப்பிரியா வாங்கிப் பார்த்தாள். குளக்கரையில் எடுத்த குடும்பப் படம். ஆண்கள் எல்லாருக்கும் மொட்டை, எல்லாத் தலையிலும் சந்தனம், எல்லார் உடம்பிலும் மஞ்சள் துண்டு. ஓரத்தில் நிற்பவர்தான் வள்ளியின் அப்பா தணிகாசலம். பெரிதாக்கினால் கண்ணும் இல்லை மூக்கும் இல்லை, முட்டையில் சந்தனம் பூசி வைத்த மாதிரி ஒரு வட்டம்.

“இதை எல்லாருக்கும் அனுப்பிட்டேங்க்கா. பாக்கறவங்க எல்லாம் ஒவ்வொரு மொட்டையா காட்டி ‘இவரா, இவரா’ன்னு கேக்கறாங்க.”

வெளியே சாலையில் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் மொட்டைத் தலைகள்தான் போய்க்கொண்டிருந்தன.

“இது ஸ்கிரீன்ஷாட்டும்மா. ஸ்கிரீன்ஷாட்டை வெச்சு இன்னொரு ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்காங்க. மொதல்ல எடுத்த போட்டோ யாராண்ட இருக்குது?”

“எங்க பாவா ஃபோன்லங்க்கா. ஸ்ரீதர் பாவா, எங்க அக்கா வூட்டுக்காரு. மேல கோயிலாண்ட தேடிக்கினு இருக்காரு.”

“ஃபோன் போடு.”

நாலைந்து தடவை முயற்சி செய்த பிறகு லைன் கிடைத்தது. கூட்டம் சேர்ந்த நாளில் சிக்னல் அப்படித்தான். ஸ்ரீதர் படத்தை இரண்டு முறை அனுப்பிப் பார்த்திருக்கிறார், வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டதாம். கவிப்பிரியா ஃபோனை வாங்கிப் பேசினாள்.

“அண்ணா, பதறாதீங்க. முழு போட்டோ இப்ப வராது. நான் சொல்றபடி பண்ணுங்க. போட்டோவைத் தொறந்து எடிட்டுனு அமுக்குங்க. நாலு மூலைலயும் கோடு வருதுங்களா?”

“ஆங், வருதும்மா.”

“அதை இழுங்க. உங்க மாமா மூஞ்சி மட்டும் இருக்கட்டும், மத்ததெல்லாம் வேணாம்.”

ஸ்ரீதர் இழுத்துப் பார்த்தார். “என் மூஞ்சி பாதி வருதேம்மா.”

“நீங்கதான் தொலையலையே அண்ணா, உங்களைத் தள்ளுங்க!”

கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அழுதுகொண்டிருந்த வள்ளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“இப்ப அனுப்புங்க. ஆனா போட்டோனு அனுப்பாதீங்க, அது இன்னும் பிழிஞ்சிடும். டாகுமென்ட்டுனு இருக்கும் பாருங்க, அதுல அனுப்புங்க.”

“ஆதார் கார்டு அனுப்பற மாதிரியா?”

“அதே மாதிரிதான்.”

பிரிண்டுக்காக வந்தவர்கள் தங்கள் வேலையை மறந்து கம்ப்யூட்டர் திரையைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் படம் வந்து திறந்தது. சந்தனம் பூசிய நெற்றி, சிரிக்கிற கண்கள், மடிந்த காது. இடது புருவத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு.

“இது இன்னாம்மா, புருவத்துல?”

“நெய்யறப்ப தறில ஓட்ற கட்டை, நாடான்னுவோம், அது தெறிச்சு அடிச்சதுங்க்கா. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே.”

கவிப்பிரியாவுக்கு உடம்பில் ஒரு வேகம் வந்தது. ஆயிரம் மொட்டைத் தலைகள் இருக்கட்டும், இந்தப் புருவம் ஒன்றுதான் இருக்கும். இந்தக் கோடு கெடாமல் எல்லார் ஃபோனுக்கும் போய்ச் சேர வேண்டும். ஃபைல் பெரிதாக இருந்தால் இந்தச் சிக்னலில் நகராது, ரொம்பச் சுருக்கினால் கோடு அழிந்துவிடும்.

முதலில் முகத்தைச் சுற்றி மிச்சமிருந்த தண்ணீரையும் கூட்டத்தையும் வெட்டினாள். படத்தின் நீள அகலத்தை ஒரு ஃபோன் திரைக்குப் போதுமான அளவாக ஆக்கினாள். அதிலேயே ஃபைல் நன்றாக இளைத்துவிட்டது. அப்புறம் தரத்தை மெல்லக் குறைத்தாள். எண்பது, கோடு தெரிந்தது. எழுபது, தெரிந்தது. ஐம்பதுக்குக் கீழே போனதும் கோடு புருவத்துக்குள் கரைந்தது.

“ஆறாவது சேவல் போதுமேம்மா, சீக்கிரம் போவும்” என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

“குட்மார்னிங் படத்துக்குப் போதுங்க. புருவத்துக்குப் போதாது” என்று சொல்லி எழுபதிலேயே நிறுத்தினாள்.

படத்தின் மேலேயே பெயரையும் நம்பரையும் போடச் சொன்னாள் வள்ளி. கவிப்பிரியா மறுத்துவிட்டாள். எழுத்து படத்துக்குள் போனால் கலங்கும், முகத்தின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். படத்துக்குக் கீழே தனியாகத் தமிழிலும் தெலுங்கிலும் தட்டினாள்: ‘காது கேட்காது. பேச வராது. இடது புருவத்தைப் பாருங்கள்.’ பூக்கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், தண்ணீர்ப் பந்தல் போட்டவர்கள், அன்னதானம் செய்கிறவர்கள் என்று எல்லாருடைய நம்பரும் அவளிடம் இருந்தது. எல்லாருக்கும் பேனர் போட்டுக் கொடுத்தவள் அவள்தானே. டாகுமென்ட்டாகவே அனுப்பினாள், தட்டிய வேகத்தில் படம் போய்விட்டது.

வள்ளிக்கு ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, கவிப்பிரியா மற்றவர்களின் பிரிண்டைக் கவனிக்க ஆரம்பித்தாள். பாதி வேலையில் அவள் ஃபோன் அடித்தது. ஹம்சா மாமி. மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கிற குடும்பம். கிருத்திகைக்குக் குளக்கரைக்குப் பக்கத்திலிருக்கிற மடத்தில் அன்னதானம் நடத்துகிறவர்கள்.

“கவி, நீ அனுப்பின ஃபோட்டோ மனுஷர் இங்கேதான் இருக்கார்!”

“நெஜமாவா மாமி?”

“காலைலேர்ந்து சாம்பார் வாளியைக் கீழேயே வைக்கலை. பந்தியில சாப்பிட உக்காந்தவர், பரிமாற ஆள் கம்மியா இருக்குன்னு பாத்துட்டு அவரே எழுந்து வாளியை வாங்கிண்டார். யாரோ தொண்டு பண்ண வந்தவர்னு நெனைச்சேன். என்ன கேட்டாலும் சிரிக்கறார். புருவம் வரைக்கும் துண்டைக் கட்டிண்டு இருந்தாரா, ஒண்ணும் தெரியலை. இப்பதான் அவுத்து வேர்வை தொடைச்சார். புருவத்துல கோடு!”

கவிப்பிரியா போட்ட கூச்சல் பம்பைச் சத்தத்தையும் தாண்டித் தெருவில் கேட்டது. வள்ளி ஓடினாள். கவிப்பிரியா, “யாரும் எதையும் தொடாதீங்க, வந்துட்றேன்” என்று கடையை வாடிக்கையாளர்களிடமே ஒப்படைத்துவிட்டுப் பின்னால் ஓடினாள்.

மடத்தில் தணிகாசலம் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த பந்திக்கு சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். அணைத்துக்கொள்வார் என்று பார்த்தால், இரண்டு கையையும் விரித்துத் திட்டத் தொடங்கினார். இவ்வளவு நேரம் எங்கே போனீர்கள் எல்லாரும்? விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினார், பிறகு மடத்தின் வாசலைக் காட்டினார். மறுபடியும் வாய், மறுபடியும் வாசல்.

வள்ளி தலையில் கை வைத்துக்கொண்டாள். “அய்யோ அக்கா, மொட்டை அடிக்கறப்பவே இப்படித்தான் காட்டினாரு. பசிக்குதுனு நெனைச்சு வாழைப்பழம் வாங்கிக் குடுத்தேன். பிரிஞ்சுட்டா சாப்பாடு போட்ற எடத்துக்கு வந்துடுங்கனு சொல்லியிருக்காரு!”

அவரைப் பொறுத்தவரை தொலைந்து போனது அவர் இல்லை, அவர் குடும்பம்தான். அவர் சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தார்.

மலையிலிருந்து இறங்கி ஓடிவந்த ஸ்ரீதர் மூச்சு வாங்கிக்கொண்டு மாமனார் காலருகே உட்கார்ந்துவிட்டார். தணிகாசலம் அவரைத் தூக்கி நிறுத்தி, பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டார். வள்ளிக்கும் இலை, கவிப்பிரியாவுக்கும் இலை. மகள் ஃபோனில் அவருடைய படத்தைக் காட்டி, இந்த அக்காதான் அனுப்பினாள் என்று சைகையில் சொன்னாள். அவர் ஃபோனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். படம் அழகாக இருக்கிறது என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, கவிப்பிரியாவின் இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். வேண்டாம் என்றால் அவருக்குக் கேட்கவா போகிறது?

“சாப்பிடு கவி, இன்னிக்கு உனக்குத்தான் ஸ்பெஷல் பந்தி” என்று ஹம்சா மாமி பாயசத்தோடு வந்து நின்றாள்.

கடைக்குத் திரும்பியபோது ஒரு ஆளும் நகரவில்லை. “கெடைச்சாரா?” என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள். “ஆங், கெடைச்சாரு. சாம்பார் ஊத்திக்கினு இருந்தாரு” என்றாள். கடை முழுக்கச் சிரிப்பு. யாரோ “அரோகரா” என்று குரல் கொடுக்க, தெருவில் போன காவடிக் கூட்டம் விஷயம் தெரியாமலேயே பதில் குரல் கொடுத்துக்கொண்டு போனது.

இந்த வருஷக் கிருத்திகைக்குக் கோயில் தொண்டர்கள் குளக்கரையில் ஒரு பந்தல் போட்டு, ஒரு மேஜையும் லேப்டாப்பும் வைத்து, கவிப்பிரியாவை வந்து உட்காரச் சொன்னார்கள். கடையை அன்று இளம்பரிதி பார்த்துக்கொண்டான். காலையில் முதலில் வந்தவர் நகரிப் பக்கத்துப் பெரியவர். மனைவியைக் காணோம் என்று தெலுங்கும் தமிழும் கலந்து சொல்லிக்கொண்டே ஃபோனில் படம் தேடினார். அதே நேரத்தில் மேஜையின் மறுபக்கம் ஒரு அம்மா, வீட்டுக்காரரைக் காணோம் என்று இன்னொரு தொண்டரிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். நடுவில் நின்ற ஒருவரின் மயில்தோகைக் காவடி இரண்டு பேரையும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் மறைத்திருந்தது. கவிப்பிரியா அந்தப் பெரியவர் எடுத்துக் காட்டிய படத்தை ஒரு பார்வை பார்த்தாள், எழுந்து நின்று மறுபக்கத்து அம்மாவை எட்டிப் பார்த்தாள். “காவடி எடுத்தவரு கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள்.

அவர் தள்ளி நின்றார்.