பாவாத்தாள் பெயரில் ஒரு கண்

கோவையில் ஒரு கண் மருத்துவமனை. கருவிழியைப் படமெடுக்கும் மெஷின் அங்கப்பனின் பொறுப்பில் இருந்தது. யார் மனதையும் நோகடிக்கத் தெரியாத மனுஷர் அவர். அதுதான் வினையாகப் போயிற்று.

தொண்ணூற்றாறில் ஒரு தகப்பன் மகளைக் கூட்டிவந்து கையைப் பிசைந்தார். “ஏனுங்க, ஈரோட்டுல சம்பந்தம் பேசியிருக்கறமுங்க. இங்க வந்தது தெரிஞ்சா தட்டிப்போயிருமுங்க. பேரை மாத்திப் போடுங்க.”

அங்கப்பன் இளகிவிட்டார். உண்மைப் பெயரைக்கூடக் கேட்கவில்லை. தன் தங்கை பாவாத்தாளின் பெயரைப் போட்டு, அவர்கள் குடியிருப்பதாகத் தகப்பன் சொன்ன கணபதிப் பகுதியில் இல்லாத ஒரு கதவு எண்ணையும் எழுதினார். படத்தைப் பார்த்த டாக்டர், நல்ல கண் என்று அனுப்பிவிட்டார்.

மறுவருஷம் அதே டாக்டர், நல்ல கண் எது, கருவிழி கூம்பாகப் பிதுங்கும் கண் எது என்று நூற்றுக்கணக்கான படங்களைக் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்கினார். பழைய படங்களைக் கொடுத்துச் சோதித்தபோது, நல்லது என்று ஒதுக்கிய ஒன்றை அது நோய் என்றது. டாக்டர் சிரித்தார். உற்றுப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“அடியில லேசா மேடு இருக்குது, அங்கப்பன். நாந்தான் கோட்டை விட்டுட்டேன். கண்ணைத் தேய்க்கக் கூடாதுன்னு சொல்லணும், லென்ஸ் போடணும். உடனே வரச் சொல்லுங்க.”

படத்தின் மேலே பாவாத்தாள் என்றிருந்தது.

ஆள் அகப்படவில்லை என்று டாக்டரிடம் சொன்னார். நடந்ததைச் சொல்லத் துணிவு வரவில்லை. ஞாயிறுதோறும் கணபதியில் தெருத்தெருவாக அலைந்தார், ஈரோட்டுக்கும் போய்வந்தார். பஸ்ஸில் எந்தப் பெண் கண்ணைக் கசக்கினாலும் எழுந்துபோய் முகத்தைப் பார்த்தார். தங்கை எதிரே வந்து “அண்ணா” என்றால்கூட, படத்தில் மேடு சிவப்பாகத் தெரிந்த அந்தக் கண்தான் அவரைப் பார்த்தது. ஒரு பெண்ணின் பார்வையைத் தன் கையாலேயே தொலைத்துவிட்டு மனுஷர் எப்படிச் சோறு தின்பார்?

தொண்ணூற்றொன்பதில் அவளே வந்தாள். மாமியார் கையைப் பிடித்து நடத்திவந்தார். முகத்தைப் பார்த்ததுமே அங்கப்பனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கூம்பாகப் பிதுங்கிய வலது கருவிழியில் வெள்ளைத் தழும்பு விழுந்திருந்தது. பெயர் கோகிலவாணி என்றாள்.

“முன்னாடி எங்கீயாச்சும் காட்டியிருக்கீங்களா, அம்மணி?”

“இல்லீங்க.”

மாமியார் பக்கம் திரும்பாமல், அவரையே பார்த்துச் சொன்னாள். சொல்லிவிடாதீர்கள் என்று அந்த முகம் கெஞ்சியது.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். “ஏனுங்க, முந்தியே கூட்டியாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமுங்களா? நாந்தான் அசட்டையா இருந்துபோட்டனுங்க.”

“உங்க மேல தப்பில்லீங்க” என்றார் அங்கப்பன்.

வேறு யார் மேல் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை.