அண்ணன் லேத்தில் எழுதிவைத்தது

எங்கள் அண்ணனை வழியனுப்பி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார்கள் மதினி. எழுதுகிறேன். கூடவே, உங்களில் பலர் அண்ணனைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தையும் எழுதுகிறேன். அதைச் சொல்லாமல் அவர் படத்துக்கு மாலை போட எனக்கு மனசு வரவில்லை.

அண்ணன் பிறந்தது மம்சாபுரத்தில். அப்பா தவறியபோது அவருக்குப் பதினைந்து வயது, எனக்கு நடை பழகும் வயது. நடுவில் இரண்டு அக்காமார். பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, டவுன் பஸ் ஏறி இராஜபாளையத்தில் இரும்பு கடையும் ஒரு லேத் பட்டறைக்குப் போனார். அந்தப் பை பல வருஷம் அந்த ஆணியிலேயே தொங்கியது. அக்காமாரைச் செட்டியார்பட்டியில் கட்டிக்கொடுத்து, என்னை ஐ.டி.ஐ. படிக்கவைத்த பிறகுதான் தனக்கென்று ஒரு கல்யாணமும் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் தனக்கென்று ஒரு பட்டறையும் அவருக்கு வாய்த்தது.

பட்டறையில் இருந்தது ஒரே ஒரு லேத். பழையதாக வாங்கியது. அதைக் குளிப்பாட்டிப் பொட்டு வைக்காத குறைதான். அதன்மேல் யாரும் ஸ்பேனரைக்கூட வைக்க முடியாது, மனுஷன் பாய்ந்துவிடுவார். மில்லில் மெஷின் நின்றுபோய் ஷாஃப்ட்டோ ரோலரோ தூக்கிக்கொண்டு வருகிறவர்களை ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை. சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலேயே வீடு திரும்பிய நாட்கள் மதினிக்குத் தெரியும்.

நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தேன். ஒரு நாள் போன் செய்தார். "தனியா முடியலலே. வாரியா?" என்றார். முடியவில்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்ன முடியவில்லை என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. வந்துவிட்டேன்.

வந்த சில வாரத்தில் காரணம் தெரிந்தது. உளி எவ்வளவு உள்ளே போகிறது என்பதைக் காட்ட, லேத்தின் கைச்சக்கரத்தில் ஒரு டயல் உண்டு. அதில் மயிரிழைக் கோடுகள். எண்ணெய் துடைக்கும்போது அந்த டயலின் விளிம்பில் என் கட்டைவிரலில் ஏதோ தட்டுப்பட்டது. பத்துக் கோட்டுக்கு ஒன்றாக, அரத்தால் சின்னச் சின்னதாகக் கீறியிருந்தது. அந்த லேத்தில் கீறல் போட ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை. சர்க்கரை அண்ணனின் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. அவர் நகத்தால் தடவி எண்ணி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

டி.ஆர்.ஓ. மாட்டலாம் என்றேன். லேத்தில் ஒரு ஸ்கேலைப் பொருத்திவிட்டால், உளி நகர்வதை ஒரு பெட்டி பெரிய எழுத்தில் எண்ணாகக் காட்டும். கம்பெனியில் எனக்குப் பழக்கமானதுதான். அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பொட்டியப் பாத்து வேலை செய்யணும்னா நான் எதுக்குலே?" என்றார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு டீ வேண்டுமா என்பதைக்கூட மதினியிடம் கேட்டார்.

நாலாம் நாள் நானே போய் நின்றேன். "அண்ணே, டயல்ல கீறி வச்சிருக்கீகல்ல. தொட்டுப் பாத்துட்டேன்."

அண்ணன் டயலின் விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுத் தடவினார். பிறகு, "ஒங்க மதினிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"இல்ல."

"சொல்லாத." எழுந்து டிரில் மெஷினை எடுத்தார். "லேத்துல ஓட்டை போடணும்னா நான்தான் போடுவேன்."

பெட்டி வந்ததும், அதோடு இருந்த புஸ்தகத்தை நான் விரித்துவைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவரே செய்தார். ஸ்கேல் நூல் பிடித்தமாதிரி நேராக இருக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் எண் பொய் சொல்லும். அந்தச் சாய்வை முள் நகர்ந்து காட்டும் ஒரு கருவி உண்டு. அண்ணன் ஸ்கேலை விரலால் தட்டித் தட்டி நகர்த்துவார். "முள்ளு எங்க நிக்கி?" என்று என்னைக் கேட்பார். நான் சொல்வேன். இன்னொரு தட்டு. ஸ்கேலுக்கும் அதைப் படிக்கும் தலைக்கும் நடுவே காகிதம் விட்டு இடைவெளி பார்த்தார். இரும்புச் சீவல் விழாமல் தகரத்தில் ஒரு மூடி மடக்கினார். கோயம்புத்தூரில் ஆள் வைத்து மாட்டியதுகூட அத்தனை கச்சிதமாக இருந்ததில்லை. பெட்டியில் எண் ஒளிர்ந்ததும், "ஏயப்பா, எம்புட்டுப் பெருசாத் தெரியுது!" என்றார். சர்க்கரையை மறந்துவிட்டு அன்றைக்கு இரண்டு டீ குடித்தார். நானும் கண்டுகொள்ளவில்லை.

இனிதான் நான் சொல்ல வந்தது. உருண்டைப் பொருளில் உளி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால் விட்டம் இரண்டு மில்லிமீட்டர் குறையும். பெட்டியில் விட்டத்தையும் காட்ட வைக்கலாம், அதில் பாதியையும் காட்ட வைக்கலாம். நாங்கள் விட்டத்தில் வைத்திருந்தோம். ஒரு மத்தியானம் அண்ணன் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கப் போயிருந்தார். டீக்கு வந்திருந்த பக்கத்துப் பட்டறைக்காரர்களிடம் பெட்டியின் பெருமையைக் காட்டப்போய், ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினேன். அவர்கள் போனதும் அவசரமாக ஒரு மில் ஷாஃப்ட்டை முடிக்க இறங்கினேன். பெட்டி விட்டத்தை விட்டு அதன் பாதியைக் காட்டும்படி மாறி நின்றதை நான் பார்க்கவில்லை. எடுக்க வேண்டியதைப்போல இரு மடங்கு எடுத்துவிட்டேன்.

அண்ணன் வந்தார். நான் அளவைச் சொன்னதுமே, "ரெண்டு மடங்கு போயிருக்கு. பொட்டி பாதியில நிக்கிலே," என்றார். என்னைத் திட்டவில்லை. அதற்குள் ஷாஃப்ட்டை வாங்க மில் ஃபிட்டர் வந்துவிட்டார். அங்கே மெஷின் நிற்கிறது. பேரிங்கைப் போட்டுப் பார்த்தார், லொடலொடவென்று ஆடியது.

"யாரு கடைஞ்சது அண்ணாச்சி?"

"நான்தான்," என்றார் அண்ணன். "கண்ணு சரியாத் தெரியல. கூடுதலா எடுத்துட்டேன். காலைல வேற தாரேன்."

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். ஃபிட்டர் போனதும் சொன்னார்: "நீ இன்னும் இருவது வருசம் இந்த ஊருல வேலை பாக்கணும். வந்ததும் வராததுமா பேரு கெட்டா எவன் வருவான்? எனக்கு எப்படியும் கண்ணு போச்சுன்னுதான சொல்லப்போறாங்க."

மறுநாள் காலையில் புது ஷாஃப்ட்டை அவரே கடைந்து கொடுத்தார். அளவு அச்சுப்பிசகாமல் இருந்தது. ஆனால் அதை யார் பார்த்தார்கள்? பேச்சு அதற்கு முன்னாலேயே ஊருக்குள் போய்விட்டது. அதன்பிறகு வந்தவர்கள், "தம்பி பாக்கட்டும், நீங்க இருங்க அண்ணாச்சி," என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அண்ணனும் சிரித்துக்கொண்டே நகர்ந்து கொடுத்தார். தன் லேத்தின் பக்கத்தில் அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டேன். "நான் உசுரோட இருக்கிறவரை சொல்லக்கூடாது," என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

கடைசி மாதங்களில் சிறுநீரகமும் கெட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டில், தூக்கத்திலேயே அடங்கினார். துக்கம் கேட்கத் துட்டி வீட்டுக்கு வந்த ஃபிட்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தப்புப் பண்ற கையா அவிய கை? அந்த ஒரு ஷாஃப்ட்டு, பாவி கண்ணு ஏமாத்திருச்சு." அப்போதும் நான் பேசாமல்தான் நின்றேன். சத்தியம் முடிந்துபோயிருந்தது, எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

அண்ணனை மாதம் தவறாமல் மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், வேலையைப் போட்டுவிட்டு வந்து பாடை கட்டிய பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கும், பதினாறு நாளும் மதினியைத் தனியே விடாத செட்டியார்பட்டி அக்காமாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஃபிட்டர் அண்ணாச்சிக்கு நன்றியோடு மன்னிப்பும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த மலரின் முதல் பிரதியை அவர் கையில்தான் கொடுக்கப்போகிறேன்.

பட்டறைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பெட்டிக்குக் கீழே, லேத்தின் உடம்பிலேயே, சிவப்புப் பெயின்ட்டில் கோணல்மாணலாக ஒரு வரி இருக்கும்: 'விட்டமா, பாதியா, பார்த்து எடு.' ஷாஃப்ட் கெட்ட மறுநாள் அண்ணன் தன் கையால் எழுதியது. கண் தெரியாத மனுஷன் தன் ஞாபகத்துக்கு எழுதிவைத்திருக்கிறார் என்று நீங்கள் பரிதாபப்பட்டீர்கள். அண்ணனுக்கு அந்த ஞாபகம் ஒரு நாளும் தப்பியதில்லை. அது எனக்கு எழுதியது.