ஹார்ட் டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

போட்டோக்களைப் பத்திரப்படுத்துவது பெரிய வேலையா என்று கேட்பவர்கள், எங்கள் வீட்டில் ஒரு ஆயுதபூஜையைக் கழித்துவிட்டு வந்து பேசட்டும்.

அம்மா போன பிறகு, எல்லோர் போனிலும் சிதறிக் கிடந்த அவள் படங்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்தேன். கேமராவைக் கண்டாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள். அகப்பட்ட படங்களே கொஞ்சம். சேர்த்தாயிற்றே என்று அவரவர் போனில் அழித்தும் விட்டார்கள். ஆக, அம்மா இருந்தது அந்த ஒரு டப்பாவில்தான். இன்னொரு பிரதி எடுக்க நேரம் வரவேயில்லை.

போன வருஷம் பூஜையன்று நான் பூக்கடைச் சத்திரம் போய்ப் பூ வாங்கி வருவதற்குள் அப்பா தறியைத் துடைத்து, ஊடுநூல் ஓட்டும் நாடாவையும் கத்தரிக்கோலையும் கழுவி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்திருந்தார். வரிசையின் கடைசியில் ஹார்ட் டிஸ்க். ஈரத்துணியால் துடைத்த பளபளப்பு வேறு. ஒயர் செருகும் ஓட்டையில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம். அத்தனை இடமிருக்க அந்த ஓட்டைதான் கிடைத்தது இந்த மனிதருக்கு.

குண்டூசியால் நோண்டினேன், சந்தனம் இன்னும் உள்ளே போனது. கம்ப்யூட்டரில் செருகினால் ஒரு சத்தமும் இல்லை. இதுக்கெல்லாம் எதுக்குப் பொட்டு என்று கத்தியே விட்டேன்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உங்கம்மா என்னிக்காவது வெறும் நெத்தியோட இருந்திருக்காளா? கத்திரிக்கோலுக்கு வச்சிட்டு அவளுக்கு வைக்காம எப்பிடிப்பா போறது?"

கேட்டதில் நியாயம் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பூஜை விடுமுறை முடிந்து கம்ப்யூட்டர் கடை திறந்ததும் டப்பாவோடு ஓடினேன். ஓட்டையைப் பார்த்த கடைக்காரர் என்னையும் ஒருமுறை பார்த்தார். ஏதேதோ ஊற்றித் துடைத்து, கடைசியில் திறந்துகொடுத்தார். ஒரு படத்தில் அம்மா முந்தானையை இழுக்க மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கேயே ஒரு பிரதி எடுத்து ஏனாத்தூரில் இருக்கும் தங்கையிடம் கொடுத்தேன். ஒரே வீட்டில் வைக்கக்கூடாது என்பது அன்றைக்கு வந்த புத்தி.

இந்த வருஷம் உஷாராக ஓட்டையை டேப் ஒட்டி மூடி, மேல்பக்கத்தைக் காட்டி, இங்கே வையுங்கள் என்றேன். அப்பா வைத்தார். கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

"ஏனாத்தூர்ல இருக்கிறதுக்கு யாருப்பா வைப்பாங்க?" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாய்க்கு வந்ததை முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்தபடி அப்பா பின்னால் ஏறிக்கொண்டார்.